காரம் இறங்கிய தொண்டையில் ஒரு வாய்ச் சோறு

என் எச்சிலையே என்னால் விழுங்க முடியாத நாட்கள் இருந்தன. ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத பக்கமாகப் போய் உட்கார்ந்து துப்பிக்கொண்டே இருப்பேன். வாய் நிறைய நிறைய ஊறும். உள்ளே இறங்காது. நம் உடம்பில் எத்தனையோ காரியம் நமக்குத் தெரியாமலே நடக்கிறது. அது நின்ற பிறகுதான் அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்ததே தெரிகிறது.

சபையாருக்கு முன்னால் நின்று பேச எனக்கு வராது. நான்காம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆகையால் எழுதியே தருகிறேன். நீங்கள் பலர் என்னை அறிவீர்கள். ஆனால் நடந்ததை என் வாயால் நீங்கள் கேட்டதில்லை.

இந்த யுத்தம் தொடங்குவதற்கு மூன்று வருஷம் முந்தி, மாசி மாதம் அது. அப்போது நான் மேலகரத்துக்கு அப்புறம் சிற்றாற்றங்கரையில் இருந்த சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். முதலாளி கடையநல்லூர்க்காரர். கைலி நெய்கிறவர்களுக்கு நூலுக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்போம். பட்டறையில் நானும் செல்லையாவும். செல்லையா நம் சபைக்காரர்தான், உங்களுக்குத் தெரியும்.

நீலச் சாயம் கரைய வேண்டுமானால் காரம் வேண்டும். முன்னே உவர்மண்ணையும் சுண்ணாம்பையும் ஊறவைத்துத் தெளிவை எடுப்பார்கள். என் காலத்தில் காஸ்டிக் என்று தகர டின்னில் வர ஆரம்பித்துவிட்டது. வெள்ளைக் கட்டி. தண்ணீரில் போட்டால் அடுப்பில் வைத்தது மாதிரி கொதிக்கும். அதனால் முதல்நாள் சாயங்காலமே கரைத்து ஆறவிடுவோம். காலையில் பார்த்தால் தெளிந்து பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். வாசம் கிடையாது. நிறம் கிடையாது. அதற்கென்று ஒரு மண்கலயம் வைத்திருந்தோம். கழுத்தில் சுண்ணாம்பால் மூன்று பொட்டு வைத்திருக்கும்.

அன்றைக்கு அந்தக் கலயத்தில் கீறல் விழுந்துவிட்டது. கசிவதைப் பார்த்து, இருந்த காரத்தண்ணீரை ஒரு பித்தளைச் செம்பில் ஊற்றினேன். பூவரச இலையால் மூடினேன். சுவரோரம் வைத்தேன். பக்கத்தில் குடிதண்ணீர்ப் பானை. எல்லாம் என் கை செய்ததுதான். வேறு யார் மேலும் குற்றம் இல்லை.

மத்தியானம் வெயிலில் நூல்கட்டுகளைச் சிட்டம் சிட்டமாகப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தேன். தாகம். மனசும் அங்கே இல்லை. நான்கு நாளுக்கு முன்னால் என் மனைவி பாக்கியம் கோபித்துக்கொண்டு சிவகிரிக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவள் தம்பிக்குக் கல்யாணம். நான் வரவில்லை என்று சொல்லியிருந்தேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. எனக்குக் கூட்டம் ஆகாது. பந்தியில் நான்கு பேருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடவே கூசுவேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் கவளம் உள்ளே இறங்காது. கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தி முடிந்த பிறகு அடுப்படிப் பக்கம் நின்று சாப்பிட்டு வந்துவிடுகிற ஆள் நான். பாக்கியம் சொன்னாள், கட்டிக்கொண்ட பிறகும் தனியாகத்தான் எல்லா வீட்டுக்கும் போகவேண்டியிருக்கிறது என்று. அதையேதான் நினைத்துக்கொண்டு செம்பை எடுத்தேன்.

எங்கள் பக்கம் செம்பில் வாய்வைத்துக் குடிக்கிற வழக்கம் இல்லை. பொதுச் செம்பு. எச்சில் படக்கூடாது. தலையை அண்ணாந்து, செம்பை உயரத் தூக்கி, தொண்டையைத் திறந்து ஊற்றிக்கொள்வோம். சிறுபிள்ளையிலிருந்தே பழகினது. உதட்டில் படாது, நாக்கில் நிற்காது. வாய்வைத்துக் குடிக்கிறவனாக இருந்திருந்தால் உதடு எரிந்திருக்கும், அங்கேயே துப்பியிருப்பேன். நான் சுத்தக்காரனாக ஊற்றினேன். இரண்டு மடக்கு நேரே உள்ளே போய்விட்டது.

முதலில் வலியே இல்லை. எண்ணெய் இறங்குகிற மாதிரி வழவழவென்று இருந்தது. இலையைத் தள்ளிவிட்டு எடுத்த செம்பு எது என்று அப்போதுதான் பார்த்தேன். அதற்குள் நெஞ்சுக்கு நடுவில் நெருப்புப் பிடித்தது. முதுகுப் பக்கம் பாய்ந்தது. கத்தப் பார்த்தேன், சத்தம் வரவில்லை.

படித்துறையில் நூல் அலசிக்கொண்டிருந்த செல்லையா ஓடிவந்தார். செம்பில் விரலை விட்டுப் பார்த்தார். வழுக்கினது. அவருக்கு விளங்கிவிட்டது. உப்பைக் கரைத்து வாயில் ஊற்றி, விரலை விட்டுக் கக்கவைத்தார். விஷம் குடித்தவனைக் கக்கவைக்க வேண்டும் என்றுதான் நாம் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். இரத்தமும் சளியுமாக வந்தது. வந்த வழியெல்லாம் மறுபடி எரிந்தது. அப்புறம் முதலாளியின் வில்வண்டியில் போட்டுத் தென்காசிக்குக் கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரியில் எண்ணெயும் முட்டை வெள்ளையும் கொடுத்தார்கள். அங்கே ஒருவர் செல்லையாவிடம் கேட்டார், காரத்தைச் செம்பில் ஊற்றி வைத்தது யார் என்று. இவர்தான் என்றார் செல்லையா. அப்படியானால் தெரியாமலா குடித்தார் என்று அவர் கேட்டார். செல்லையா பதில் சொல்லவில்லை. நான் பெஞ்சில் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆமாம், தெரியாமல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கும் நிச்சயம் இல்லை. அந்த மௌனம் எங்களுக்கு முன்னாலேயே மேலகரம் போய்ச் சேர்ந்துவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். முதலாளி அவரிடம் பேசி அனுப்பிவைத்தார்.

காப்பிக்கடையில் செல்லையா சொன்னதாக எனக்குக் காதில் விழுந்தது இதுதான்:

“தன் கையால கலக்கி, தன் கையால மூடி வச்ச மனுசன். கண்ணு தெரியாதா என்ன? பொண்டாட்டி கோவிச்சிட்டுப் போன சடவு வே.”

மூன்றாம் நாள் பாக்கியம் வந்தாள். கல்யாணத்துக்கு உடுத்தின சேலையோடு வந்திருந்தாள். பக்கத்தில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“நாலு வார்த்தை பேசினேன். அதுக்கா இப்படி? எம் மேல பழியப் போட்டுட்டுப் போகப் பாத்தீங்களோ?”

எனக்குக் குரல் இல்லை. தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். ஒன்றும் கேட்காதே என்று சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் ஒரு சிலேட்டு இருந்தது. தண்ணீர் என்று நினைத்துத்தான் குடித்தேன் என்று எழுதி அவளிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விளக்குமாடத்தில் வைத்துவிட்டுக் கஞ்சி வடிகட்டப் போய்விட்டாள். பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். நம் சபை உபதேசியாரைக் கூப்பிடலாம். ஆனால் என் வீட்டு விஷயத்தை இன்னொருவர் சத்தம் போட்டு வாசிக்க, என் மனைவி தலைகுனிந்து கேட்பதை நினைத்தால் கூசியது. இரண்டு நாள் அந்த எழுத்து அங்கேயே இருந்தது. பிறகு நானே உள்ளங்கையால் அழித்துவிட்டேன்.

அவள் என்னைக் கவனித்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. துணியில் வடித்த கஞ்சி, பால், துளித்துளியாக. ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் தனித்தனியாக இருந்தோம்.

இப்போது ஒரு வெட்கமான காரியத்தைச் சொல்ல வேண்டும். ஆறு வாரத்தில் எனக்குச் சுகமானது மாதிரி இருந்தது. எரிச்சல் அடங்கிற்று. குழைந்த சோறு இறங்கினது. குரலும் கரகரப்பாகத் திரும்பிற்று. குரல் வந்த பிறகும், இனிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று பாக்கியத்திடம் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஈஸ்டர் அன்றைக்கு நான் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன். கர்த்தர் என்னைப் பூரணமாகச் சுகமாக்கினார் என்று நான் எழுதிக் கொடுத்ததை உபதேசியார் ஆலயத்தில் வாசித்தார். நீங்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அதுதான் என் முதல் சாட்சி. அவசரப்பட்டுச் சொன்ன சாட்சி.

இரண்டு வாரம் கழித்துச் சோறு நடுநெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்துத் தள்ளினேன். பிறகு ஒரு நாள் தள்ளினாலும் போகவில்லை. சோற்றை விட்டுக் கஞ்சிக்கு வந்தேன். கஞ்சியை விட்டுப் பாலுக்கு வந்தேன். வைகாசி முடிகிறபோது பாலும் அரைக்கரண்டிக்கு மேல் போகாமல் மூக்கு வழியே திரும்பி வந்தது. கதவை ஒவ்வொரு அங்குலமாக யாரோ சாத்துகிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் கன்ன எலும்பு தெரிந்தது. வேட்டியை இரண்டு சுற்று அதிகம் சுற்றிக் கட்டினேன்.

ஜனங்கள் என்ன சொல்வார்கள்? ஆலயத்தில் சாட்சி சொல்லிவிட்டு மறுபடியும் நோய் என்றால், உள்ளே எதையோ மறைத்திருக்கிறான் என்றார்கள். தானாகக் குடித்ததை அறிக்கை பண்ணாததால் கர்த்தர் கையை எடுத்துவிட்டார் என்றும் சிலர் சொன்னார்கள். நானே அதை நம்பத் தொடங்கினேன். செய்யாத பாவத்தைத் தேடித் தேடி மனசுக்குள் பார்த்தேன். ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினேன். நடுவில் எழுந்து வெளியே போய்த் துப்ப வேண்டுமே, எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே.

ஆனியில் சாரல் விழுந்தது. குற்றாலத்துக்கு ஜனங்கள் வண்டி வண்டியாகப் போனார்கள். நானும் காலையில் நடந்து போய்விடுவேன். குளிப்பதற்கு அல்ல. பெரிய அருவிக்குக் கீழே, ஆறு திரும்புகிற இடத்தில் ஒரு பாறை இருந்தது. அங்கே இருந்தால் அருவிச் சத்தம் காதை அடைக்கும். நான் காறுவதும் துப்புவதும் எனக்கே கேட்காது. தூரத்தில் ஆயிரம் பேர் சிரித்துக் குளித்துக்கொண்டிருப்பார்கள். சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் வட்டமாக உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவிழ்ப்பார்கள். அந்த வாசனை ஈரக்காற்றில் வரும். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிற நான், அந்த வட்டங்களில் ஒன்றையாவது பார்க்காமல் இருக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அங்கேதான் ஜெபம் பண்ணினேன். வீட்டில் பண்ணினால் பாக்கியத்துக்குக் கேட்கும். அங்கே ஒருவருக்கும் கேட்காது. பிறந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. ஆண்டவரே, நான் இனி பழைய ஆளாக வேண்டும் என்று கேட்கவில்லை. சாவதானாலும் சரி. அதற்கு முன்னால் நாலு பேரோடு உட்கார்ந்து ஒரு வாய்ச் சோறு சாப்பிட வேண்டும். ஒரே ஒரு வாய். அவ்வளவுதான் கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். கண்ணீர் வாய்க்குள் இறங்கினது, அதையும் துப்பினேன்.

பிறகு குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் ஊற்றினேன். கழுத்தை நீட்டினேன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். மூக்கு வழியாக வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், கறுப்புக் குடையோடு ஒரு அம்மாள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சேலை. இது எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து ஓடிவிட்டேன். ஜெபத்துக்கு வந்த பதில் குடை பிடித்து நிற்கிறது, நான் வெட்கப்பட்டு மேலகரம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

மறுநாள் அதே பாறைக்குப் போனேன். வேறு இடம் எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் எனக்கு முந்தியே வந்து அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“நேத்து எதுக்கு ஓடினீரு அண்ணாச்சி? நான் பேயா, பிசாசா? உக்காரும். கையக் காட்டும்.”

கையைக் காட்டினேன். என் விரல்கள் நகக்கண் வரைக்கும் நீலம். சாய வேலையை விட்டு நான்கு மாதமாகியும் போகவில்லை. அவர்கள் விரலைப் பார்த்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தார்கள். சாயக்காரரா, காரம் குடித்துவிட்டீரா என்றார்கள். ஒருவரும் சொல்லாமல் ஒருவர் என்னைத் தெரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. தலையை அசைத்தேன்.

அவர்கள் கிழக்கே கீழ்ச்சீமையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர். சாரலுக்கு ஒரு மாதம் லீவில் வந்து பங்களா எடுத்துத் தங்கியிருந்தார்கள். தினமும் ஐந்தருவிக்குத்தான் போவார்களாம். முந்தினநாள் அந்த வழியில் மரம் விழுந்து வண்டி போகாததால் இந்தப் பக்கம் வந்தார்களாம். அது தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு நாளைக்குப் பங்களாவுக்கு வரவேண்டும், ஓடினால் ஆள்விட்டுப் பிடிப்பேன் என்றார்கள்.

பாக்கியம் வந்தாள். டாக்டரம்மாள் என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்து, உதட்டை விரித்து, நாக்கைக் கரண்டியால் அழுத்திப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு மேசையில் இருந்த வெறும் செம்பைக் கையில் கொடுத்து, அன்றைக்கு எப்படிக் குடித்தீர் என்று செய்துகாட்டச் சொன்னார்கள்.

நான் அண்ணாந்தேன். செம்பை உயரத் தூக்கினேன். ஊற்றுகிற மாதிரி காட்டினேன்.

அவர்கள் பாக்கியத்தைப் பார்த்துச் சொன்னார்கள்:

“பாத்தியா அம்மா? உதட்டுல தழும்பு இல்ல, நாக்கு நுனியில இல்ல. எல்லாம் உள்ள. காரம்னு தெரிஞ்சவன் தொண்டை இப்படித் திறக்காது, பயத்துல தானா மூடிக்கும். தண்ணின்னு நம்பினவன்தான் இப்படி ஊத்துவான்.”

பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தூணுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. இதை நான் கேட்கவில்லை, சகோதரர்களே. நான் ஒரு வாய்ச் சோறுதான் கேட்டிருந்தேன். கேட்காததை ஆண்டவர் முதலில் தந்தார்.

உள்ளே என்ன நடந்தது என்றும் அவர்கள் எங்களுக்கு விளங்கும்படி சொன்னார்கள். தட்டான் வைத்திருக்கிற திராவகம் பட்ட இடத்தைக் கருக்கிப் பொருக்காக்கும். காரம் அப்படி இல்லை. சதையைச் சவுக்காரக் கட்டி கரைகிற மாதிரிக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். கக்கவைத்தது அதை இரண்டாம் தடவை குடிக்கவைத்த மாதிரி. வாயைக் கொப்பளித்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். புண் ஆறினதும் சுகமாகிவிட்டது என்று தோன்றும். அதுதான் ஏமாற்று. ஆறின தழும்பு சுருங்கும். காரத்தில் போட்ட நூல் சிட்டம் எப்படிச் சுருங்கும் என்று உமக்குத் தெரியாதா என்று என்னையே கேட்டார்கள். எனக்குத் தெரியும். ஈஸ்டரில் நான் சாட்சி சொன்னபோது என் தொண்டை சுருங்க ஆரம்பித்திருந்தது. கர்த்தர் கையை எடுக்கவில்லை. தழும்பு தன் வேலையைச் செய்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது சாரல் தூறிக்கொண்டிருந்தது. பாதி வழியில் பாக்கியம் நின்றாள்.

“எனக்கு எழுத்து தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்லா? ஒரு செம்பத் தூக்கிக் காட்டியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதா?”

நான்கு மாதம் ஒரு செம்பைத் தூக்கிக் காட்ட எனக்குத் தோன்றவில்லை. அவளும் ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நடந்தோம். அது டாக்டரம்மாள் கொடுத்த குடை.

வைத்தியம் ஒரு நூலில் ஆரம்பித்தது. சாயம் ஏற்றாத முறுக்குப் பட்டு வேண்டும் என்றார்கள். கடையநல்லூருக்குச் சொல்லி அனுப்பினோம். முதலாளி தேடிப்பிடித்துக் கொடுத்து, எங்கள் பள்ளிவாசலில் உமக்காகத் துவாச் செய்கிறோம் என்று சொல்லியனுப்பினார். நூலைக் கொதிக்கவைத்தார்கள். நான் அதை விழுங்க வேண்டும். பல கெஜம். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சொட்டுத் தண்ணீரோடு. வாயிலிருந்து வயிறுவரைக்கும் போய்ச் சேர்ந்தால், அந்த நூல் வழிகாட்டும். அதைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குழாயை இறக்கி அடைப்பை விரிக்கலாம். ஆயிரக்கணக்கான சிட்டம் நூலுக்குச் சாயம் போட்டவன், என் உயிர் ஒற்றை வெள்ளை நூலில் நிற்கும் என்று நினைத்தேனா?

நூலைப் பாக்கியம் கையில் கொடுத்தார்கள். இரண்டு பேரும் பங்களா வராந்தாவில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் ஒரு விரற்கடை விடுவாள், நான் விழுங்கப் பார்ப்பேன். முதல்நாள் எல்லாம் தொண்டையில் சுருண்டு வாய்க்குத் திரும்பி வந்தது. இரண்டாம் நாள் ஒரு சாண் போய் நின்றது, இருமலில் அதுவும் வந்துவிட்டது. மூன்றாம் நாள் எனக்குத் தெம்பே இல்லை. போதும் என்று கையைக் காட்டினேன். பாக்கியம் கேட்கவில்லை. வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே நூலை விட்டாள். சட்டி விளக்கும்போது முணுமுணுக்கிற மாதிரி, விடாமல் ஜெபித்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு அவள் நூலை லேசாக இழுத்துப் பார்த்தாள். திரும்பி வரவில்லை. மறுபடி இழுத்தாள். என் நெஞ்சுக்குக் கீழே எங்கேயோ ஒரு இடத்தில் அது பிடித்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளும் என் முகத்தை நேரே பார்த்தாள்.

“பிடிச்சுட்டு” என்றாள்.

லீவு முடிந்து டாக்டரம்மாள் போகும்போது எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வாயோரம் நூல் தொங்க, தென்காசி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றேன். ஜனங்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். ஆஸ்பத்திரியில் வாரா வாரம் குழாய் இறக்கினார்கள். முதல் குழாய் ஈர்க்குச்சி தடிமன். அது போனபோதே உயிர் போய் வந்தது. அடுத்தது கொஞ்சம் பெரிது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். ஐப்பசியில் ஒரு டம்ளர் பாலை நிறுத்தாமல் குடித்தேன். மார்கழியில் குழைந்த சோறு. ஒவ்வொரு வாயையும் மாவாகும்வரைக்கும் மென்றுதான் விழுங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். இது ஒரேயடியாகத் தீர்ந்துவிடாது, தழும்பு சுருங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும், மாதம் ஒரு தடவை குழாயை நீரே இறக்கிக்கொள்ள வேண்டும் என்று பழக்கிக் கொடுத்தார்கள். இன்று வரைக்கும் செய்கிறேன். இந்தத் தடவை பூரண சுகம் என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். மாதாமாதம் கிடைக்கிற சுகம் என்றுதான் எழுதுகிறேன்.

தை பிறந்து ஊருக்கு வந்தோம். செல்லையா என்னைக் கண்டால் வேறு தெருவில் போனார். கக்கவைத்தது எவ்வளவு கெடுதல் என்று பாக்கியம் ஆத்திரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டாளாம். நான் சொல்லியிருக்கமாட்டேன். அந்த வெயிலில் படித்துறையிலிருந்து ஓடிவந்தவர் அவர் ஒருவர்தான். தெரிந்ததைச் செய்தார்.

மாசியில் அறுவடை முடிந்து நம் ஆலயத்தில் அசன விருந்து வைத்தோம். குடித்தது மாசி, இது மறு மாசி. வழக்கம்போல பந்தி பந்தியாகத் தரையில் உட்கார்ந்தீர்கள். நான் பழையபடி அடுப்படிப் பக்கம் ஒதுங்கினேன். பாக்கியம் வந்து கையைப் பிடித்தாள். கூட்டிக்கொண்டு வந்து ஆண்கள் வரிசையில் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். என் பக்கத்து இலை காலியாக இருந்தது. கடைசியாக வந்த ஒருவர் வேறு இடம் இல்லாமல் அங்கே உட்கார்ந்தார். செல்லையா.

சோறு வந்தது. குழம்பு வந்தது. உபதேசியார் ஜெபித்தார். நான் ஒரு வாய் எடுத்தேன். மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். இறங்கினது. நான் கேட்டது அந்த ஒரு வாய்தான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வாயும் ஆண்டவர் சும்மா தந்தது.

ஆனால் என் வேகம் உங்களுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வாய் நான் தின்பதற்குள் எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். நம் பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் எழுந்திருப்பதில்லை. அடுத்த பந்திக்கு ஜனம் வாசலில் நிற்கிறது. எனக்குப் பழைய கூச்சம் வந்துவிட்டது. மிச்சச் சோற்றை வைத்து இலையை மடிக்கப்போனேன்.

செல்லையாவின் கை என் இலைமேல் வந்தது. சாப்பிட்டுக் காய்ந்த கை. மடிக்கவிடாமல் இலையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“மெதுவாச் சாப்பிடும் வே. ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்.”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நீங்கள் அறுபது எழுபது பேர், கை காய, நான் முடிக்கும்வரைக்கும் உட்கார்ந்திருந்தீர்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தீர்கள். அதற்காக நான் உங்களுக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

இப்போது நான் வேறொரு பட்டறையில் இருக்கிறேன். காரம் தனிக் கலயத்தில், தனி அறையில், பூட்டுக்குள் இருக்கிறது. குடிக்கிற பாத்திரத்தில் அதை ஒரு நிமிஷம்கூட ஊற்றவிடமாட்டேன். புதிதாக வருகிறவர்களிடம் கூச்சத்தை விட்டு நானே பேசுகிறேன், யாராவது குடித்துவிட்டால் கக்கவைக்காதீர்கள் என்று. கல்யாண வீடுகளுக்குப் பாக்கியத்தோடு போகிறேன். கடைசி ஆளாக எழுந்திருக்கிறேன்.

உங்களில் யாராவது பந்திக்கு வெளியே நின்றுகொண்டிருக்கலாம். தொண்டை அடைத்திருக்கலாம், மனசு அடைத்திருக்கலாம். சொன்னால் யார் நம்புவார்கள் என்று சிலேட்டை அழித்திருக்கலாம். சத்தம் போட்டு ஜெபிக்க இடம் இல்லை என்றால் அருவிக்குப் போங்கள். ஒரு வாய் கேளுங்கள், போதும். பதில் குடை பிடித்துக்கொண்டு வந்தால் என்னைப் போல ஓடாதீர்கள். ஓடினாலும் மறுநாள் அதே இடத்துக்குப் போங்கள். அவர் உங்களுக்கு முந்தியே வந்து உட்கார்ந்திருப்பார்.